ஊசி போடாத கோழி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோட்டோரக் கறிக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். ஆட்டுக்கறி விலையைக் கேட்டுவிட்டுக் கோழிக்கடைப் பக்கம் நகர்கிறவர்கள் அதில் பாதிப் பேர். அங்கே நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஏண்ணே, பிராய்லருக்கு ஊசி போட்டுத்தான் வளக்குறாய்ங்களாம்ல? புள்ளைகளுக்குக் குடுக்கலாமா?" கடைக்காரர் வெட்டுவதை நிறுத்தாமலே சொல்வார்: "எந்தப் பய சொன்னது? எங்க வீட்லயும் இதத்தான் ஆக்கித் திங்கிறோம்."

ஊசிக் கதையை முதலில் தீர்த்துவிடலாம். நாற்பது நாளில் ஒரு குஞ்சு இரண்டு கிலோவைத் தாண்டுகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். அந்த வேகம் வந்தது ஹார்மோனால் அல்ல, வம்சத்தால். எழுபது, எண்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாகச் சதை வைக்கும் சேவலையும் கோழியையும் பொறுக்கி எடுத்து இணை சேர்த்ததன் பலன் அது. அதோடு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அளந்து கலந்த தீவனம். ஏறக்குறைய 1.6 கிலோ தீவனம் தின்றால் ஒரு கிலோ எடை ஏறும் உடம்பு அது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடல் அதையும் பருப்பைப் போலச் செரித்துவிடும். பலன் வேண்டுமானால் ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசி குத்த வேண்டும். ஐயாயிரம் கோழிக்குக் குத்திக்கொண்டிருந்தால் மருந்துச் செலவும் கூலியும் கோழி விலையைத் தாண்டிவிடும். எந்த வியாபாரியும் செய்யமாட்டான்.

ஊசி என்று ஏதாவது இருந்தால் அது தடுப்பூசிதான். அதிலும் பெரும்பகுதி ஊசியே இல்லை. வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு. கம்போரோ நோய்க்கு இரண்டாவது வாரத்தில் குடிநீரில். இவை இரண்டும் வைரஸ் நோய்கள். தடுப்பு மருந்து ஒழுங்காகப் போட்ட பண்ணையில் பிற மருந்துகளுக்கான தேவை குறையும். ஆக, ஊருக்குள் பேசுகிற ஊசி நல்ல பிள்ளை. யாரும் பேசாத ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறது.

செக்கானூரணி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்தில் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே போனால் கிழமேலாக நீண்ட கொட்டகைகளைப் பார்க்கலாம். வெயில் உள்ளே விழாமலிருக்க அந்தத் திசை. பக்கவாட்டில் சுவருக்குப் பதில் கம்பி வலை, அதன்மேல் ஏற்றி இறக்கும் படுதா. தரையில் தேங்காய் நார்த்தூளோ நெல் உமியோ நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பியிருக்கும். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி கொடுப்பது. கொட்டகை, தண்ணீர், கரண்டு, ஆள் உழைப்பு பண்ணைக்காரருடையது. பேட்ச் முடிந்து லாரி வந்து ஏற்றிப் போனபின் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வரும். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதியில் வேர்பிடித்து நாடெங்கும் பரவிய ஒப்பந்த முறை இது. கூலியைக் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டே கணக்கு: எத்தனை செத்தது, எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு எடை.

இப்போது பன்னிரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பத்துக் குஞ்சு செத்துக் கிடக்கிறது. சில குஞ்சுகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. மாடு என்றால் எந்த மாட்டுக்குச் சீக்கு என்று கட்டுத்தறியில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஐயாயிரம் குஞ்சில் எதைப் பிடிப்பது? போனில் சூப்பர்வைசரிடம் சொன்னால் மருந்து பெயர் வரும். ஒரு மணி நேரம் தண்ணீரை அடைத்துவைப்பார்கள், தாகம் எடுக்கட்டும் என்று. பிறகு மேல்தொட்டியில் மருந்தைக் கலக்கித் திறந்துவிடுவார்கள். சீக்கு வந்த ஐம்பது குஞ்சும் வராத மற்ற எல்லாக் குஞ்சும் ஒரே மருந்தைக் குடிக்கும். சோர்ந்த குஞ்சு தண்ணீர் குடிப்பதும் குறைவு என்பதால், மருந்து தேவைப்பட்டதற்குக் குறைவாகவும் தேவைப்படாததற்குத் தாராளமாகவும் போய்ச் சேரும்.

அந்த மருந்துகளின் பெயர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் மனிதர்களுக்கும் தருகிற அதே மருந்து. என்ரோஃப்ளாக்ஸசின் விலங்குகளுக்கு மட்டும் உரியது. ஆனால் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்ஸசினாக மாறிவிடுகிறது. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் நாம் மெடிக்கலில் வாங்கி விழுங்குகிற அந்த சிப்ரோதான். அமெரிக்காவில் 2005-இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்ஸசின் கொடுப்பதை நிறுத்தினார்கள். கோழிக் குடலிலிருந்து மனிதனுக்கு வரும் கேம்பைலோபாக்டர் என்ற கழிச்சல் கிருமி, சிப்ரோவுக்கு அசையாமல் போனது அங்கே காரணம்.

கோழிக்கு மருந்து கொடுக்கிற வழக்கம் நோய்க்காகத் தொடங்கியதில்லை என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லே ஆய்வகம் இருந்தது. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அதன் ஆராய்ச்சி இயக்குநர். அவர் தலைமையில் இருந்தபோதுதான் பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் ஆரியோமைசின் கிடைத்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்பவர் குஞ்சுகளின் வளர்ச்சிக்கு எந்தச் சத்து உதவுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். பல சத்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரியோமைசின் எடுத்தபின் மிஞ்சிய சக்கையையும் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தார். சக்கை தின்ற குஞ்சுகள்தான் எல்லாவற்றையும்விட எடை போட்டிருந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த துளி மருந்து செய்த வேலை அது.

குப்பைக்குப் போக வேண்டியது தீவனமாகி, தீவனம் காசாகியது. 1950 தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் மேலை நாடுகளில் கோழி, பன்றி, மாடு எல்லாவற்றின் தீவனத்திலும் துளித்துளியாக மருந்து ஏறியது. நோய் தீர்க்கும் அளவில் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது. கிருமியைக் கொல்லாமல், சீண்டிச் சீண்டிப் பழக்கும் அளவில், ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். பிரிட்டனில் மைக்கேல் ஸ்வான் தலைமையிலான குழு 1969-இலேயே இதை நிறுத்தச் சொன்னது. சுவீடன் 1986-இல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நிற்க 2006 ஆயிற்று.

நிறுத்தச் சொன்னவர்களிடம் இருந்த சான்று என்ன? ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்கர் 1976-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொன்னால் போதும். மாசசூசெட்ஸில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பண்ணையில் கோழிகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள்ளாகவே அந்தக் கோழிகளின் குடல் கிருமிகள் டெட்ராசைக்ளினுக்கு அசையாதவை ஆகிவிட்டன. சில மாதங்களில் மருந்தே தின்னாத அந்தக் குடும்பத்தாரின் மலத்திலும் அதே குணமுள்ள கிருமிகள் பெருகின. பக்கத்து வீட்டாரிடம் அப்படிப் பெருகவில்லை. இன்னொன்றுதான் ஆராய்ச்சியாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. கொடுத்தது ஒரே மருந்து. மூன்று மாதத்துக்குள் கோழிகளின் கிருமிகள் கொடுக்காத வேறு மருந்துகளுக்கும் அசையாமல் நின்றன.

அதற்கு விடை ஜப்பானில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1950-களில் அங்கே சீதபேதி பரவியபோது ஒரே நோயாளியின் கிருமி நான்கைந்து மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் எதிர்ப்புக் காட்டியதை சுடோமு வதனாபே உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். பாக்டீரியாவுக்கு அதன் முதன்மை மரபணு இழை போக, தனியே சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன வட்ட டி.என்.ஏ.க்கள் உண்டு. பிளாஸ்மிட் என்று பெயர். பரீட்சை ஹாலில் கைமாறும் பிட்டு மாதிரி, ஒரு பாக்டீரியா பக்கத்திலிருப்பதைத் தொட்டு ஒரு நகலை அதற்குக் கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோழிக் குடலின் சாதுவான ஈ. கோலையிலிருந்து மனிதக் குடலின் கிளெப்சியெல்லாவுக்குப் போகலாம். ஒரே வட்டத்தில் ஐந்து மருந்துக்கான விடை இருந்தால், ஒரு மருந்தைக் கொடுத்தாலே ஐந்தும் சேர்ந்து பெருகும். மனிதனுக்கு நோய் தருகிற கிருமிதான் கோழியிலிருந்து வர வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் போகிறது. விடை மட்டும் வந்தால் போதும்.

இந்தக் கைமாற்றலை உலகம் அடையாளம் கண்டுகொண்ட முக்கியமான வழக்கு ஒன்று சென்னையோடு தொடர்புடையது. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக, 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கார்பபெனம் என்ற உயர்நிலை மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்-1 என்ற நொதியின் மரபணு சென்னையில் 44 கிருமிகளிலும், ஹரியானாவில் 26-லும், பிரிட்டனில் 37-லும் இருப்பதாக அது சொன்னது. பெரும்பாலும் பிளாஸ்மிட்டில். பெயரில் புது டெல்லி இருந்ததற்காக நாடாளுமன்றம் வரை சண்டை நடந்தது. சண்டை ஓய்வதற்குள் அடுத்த ஆண்டு டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குடிநீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அதே மரபணு கிடைத்தது. பெயருக்குக் காட்டிய ரோஷத்தில் கால்வாசியைச் சாக்கடைக்குக் காட்டியிருக்கலாம்.

கார்பபெனம் கைவிட்ட நோயாளிகளுக்கு மருத்துவர்கள் தூசி தட்டி எடுத்த பழைய மருந்து கோலிஸ்டின். 1940-களின் கடைசியில் ஜப்பானில் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து கிடைத்தது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால், அதைவிடச் சாதுவான மருந்துகள் வந்ததும் ஆஸ்பத்திரிகள் அதை ஓரம் கட்டின. விலை மலிவு, கோழிக்கும் பன்றிக்கும் சிறுநீரகத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று பண்ணைகள் எடுத்துக்கொண்டன. ஐ.சி.யூ.வில் உயிருக்குப் போராடுகிற நோயாளிக்குக் கடைசியாக ஏற்றுகிற மருந்தும், குஞ்சு கொழுகொழுவென்று வளரத் தீவனத்தில் தூவுகிற மருந்தும் ஒன்றாயிருந்த காலம் இந்தியாவில் 2019 வரை நீடித்தது.

கோலிஸ்டின் எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் கிருமி எப்படித் தப்புகிறது என்பதும் விளங்கும். ஈ. கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. கோலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழித்துவிடும். எம்.சி.ஆர்-1 என்ற மரபணு உண்டாக்கும் நொதி, சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறின் மேல் ஒரு சிறு வேதித் துண்டை ஒட்டி அதன் மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்கு ஒட்ட இடமில்லை.

இந்த மரபணு பிளாஸ்மிட்டில் இருக்க முடியும் என்று 2015 நவம்பர் வரை யாருக்கும் தெரியாது. ஷாங்காய் அருகே ஒரு பன்றிப் பண்ணையில் 2013-இல் எடுத்த ஈ. கோலையில் அதைக் கண்ட சீன ஆய்வாளர்கள், பிறகு தேடிப் பார்த்த கணக்கு இது: கடைகளில் வாங்கிய பச்சை இறைச்சி 523 மாதிரியில் 78, விலங்குகள் 804-இல் 166, மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16. வரிசையைப் பார்த்தாலே எது எங்கிருந்து எங்கே போகிறது என்று ஊகிக்கலாம். சீன அரசு சும்மா இருக்கவில்லை. 2017 ஏப்ரல் கடைசியோடு தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதைத் தடை செய்தது. 2015–16-இல் பன்றிகளின் ஈ. கோலையில் 34 சதவீதம் கோலிஸ்டினுக்கு அசையாமல் இருந்தது, 2017–18-இல் 5.1 சதவீதமாக இறங்கியது, கோழியில் 18.1-இலிருந்து 5-ஆக. எதிர்ப்பு ஒருமுறை வந்தால் போகவே போகாது என்று எழுதுகிற கட்டுரைகளுக்கு இது நல்ல பதில். அந்தக் கூடுதல் சுமையைச் சுமக்கக் கிருமிக்கும் செலவு உண்டு. மருந்து இல்லாத இடத்தில் அதைச் சுமக்கிறவை பின்தங்கும்.

நம் பக்கம், சென்னைக் கடைகளில் வாங்கிய கோழி, ஆட்டிறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகியவற்றை அப்துல் கஃபூர் குழுவினர் சோதித்தார்கள். 2012-இல் மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டி மருந்துக் கட்டுப்பாட்டுக்காக 'சென்னைப் பிரகடனம்' வெளிவரச் செய்ததில் முன்நின்றவர் அவர். கோலிஸ்டினுக்கு அசையாத ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும் அந்த உணவுகளில் இருந்தன; ஒரு சிலவற்றில் எம்.சி.ஆர்-1 இருந்தது. 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன், தீவனம் எதற்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

இங்கே ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் கோலிஸ்டினுக்கு அசையாத கிளெப்சியெல்லாவை வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் தென்பட்டது கைமாறி வந்த எம்.சி.ஆர் இல்லை, கிருமியின் சொந்த மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான். அதாவது வார்டுக்குள்ளேயே, மனிதனுக்கு ஏற்றிய மருந்தாலேயே பழகிய கிருமி. 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அசையாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையையும் கோழிக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். சளி பிடித்தால் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கேட்டு வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு.

சரி, பண்ணையிலிருந்து நம்மிடம் எந்த வழியாக வருகிறது? குழம்பு வழியாக இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எதிர்ப்புள்ள கிருமியும் சாதாரணக் கிருமியும் சூட்டுக்கு ஒன்றுபோலத்தான் சாகும். மதுரைக்காரர் கோழியைக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிய வதக்கிச் சுக்காவாக்குகிற சூட்டில் எந்த ஈ. கோலையும் மிஞ்சாது. உள்சதை 70 டிகிரியைத் தாண்டினால் போதும். நம் அடுப்பு அதைத் தாண்டி வெகுநேரமாகியிருக்கும்.

கிருமி மிஞ்சுவது அதற்கு முன்னால். கடையில் கோழியைக் கூம்புக்குள் தலைகீழாக விட்டு அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, ரப்பர் விரல்கள் சுழலும் டிரம்மில் போட்டு இறகு எடுக்கிறார்கள். ஒரு கோழியின் எச்சம் அடுத்த பத்துக் கோழியின் தோலில் ஏறுவது அந்த டிரம்மில்தான். பிறகு புளியங்கட்டை. ஆண்டுக்கணக்கில் அரிவாள் விழுந்து குழிந்த கட்டையின் கீறல்களுக்குள் ஈரமும் கொழுப்பும் நிரந்தரக் குடியிருப்பு. உப்பைத் தூவிச் சுரண்டிக் கழுவினாலும் ஆழம்வரை போகாது. பக்கத்து வாளியில் காலையில் ஊற்றிய தண்ணீரிலேயே பதினோரு மணிக் கோழியும் அலசப்படும். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு மறுபடியும் அலசுவோம். தெறிக்கிற துளிகள் சிங்க்கைச் சுற்றி ஒரு முழ தூரம் போகும். அதே கத்தியில், அதே பலகையில் பச்சடிக்கு வெங்காயம். கோழி வெந்துவிடும், வெங்காயம் வேகாது. கடையில் சுத்தம் செய்த கறியை வீட்டில் அலசாமல் அப்படியே சட்டியில் போட்டால் நல்லது என்று சொன்னால் எந்த அம்மாவும் ஒப்பமாட்டார். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, அதைக் குழியில் ஊற்றி, கையையும் இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினாலாவது பரவாயில்லை.

வேகாத உணவு என்பதால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தடை செய்தது. அரசு சொன்ன காரணம் சால்மொனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள்.

அடுக்களையைவிடப் பெரிய வழி ஒன்று இருக்கிறது, அதைக் கறி சாப்பிடாதவர்களும் தாண்ட முடியாது. பேட்ச் முடிந்ததும் கொட்டகைத் தரையை அள்ளினால் எச்சமும் உமியும் கலந்த எரு லோடு லோடாக வரும். தழைச்சத்து மிகுந்த எரு, விவசாயிகளிடம் நல்ல கிராக்கி. மல்லிகைக்கும் கத்தரிக்கும் கீரைக்கும் போகும். குவித்து, ஈரம் காட்டி, புரட்டிவிட்டு மக்கவைத்தால் குவியலின் உள்ளே 55, 60 டிகிரி சூடு ஏறிக் கிருமிகளில் பெரும்பகுதி மாண்டுவிடும். பச்சையாகவே வயலில் கொட்டினால் கோழி குடித்த மருந்தில் ஒரு பங்கும், அதற்குப் பழகிய கிருமியும் சேர்ந்தே மண்ணுக்குப் போகின்றன. மழைக்கு வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்மாய். கொத்தமல்லிக் கட்டை வாங்கி நறுக்கி ரசத்தின் மேல் தூவுகிற சைவருக்கும் அந்தப் பண்ணையோடு உறவு உண்டு.

இறைச்சியில் மருந்து மிச்சம் இருப்பதும், இறைச்சியில் மருந்துக்கு அசையாத கிருமி இருப்பதும் வெவ்வேறு சங்கதி. செய்தித்தாள்கள் இரண்டையும் குழப்பிவிடுகின்றன. 2014-இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து 40 சதவீதத்தில் மருந்து மிச்சம் இருப்பதாகச் சொன்னது முதல் வகை. கிருமி சூட்டில் சாகும். மருந்து மிச்சத்தில் பல சூட்டுக்கு அசைவதில்லை. பாலில் இதை வீட்டிலேயே பார்க்கலாம். மடிநோய்க்குக் காம்பில் மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினால், மறுநாள் காலையில் சில சமயம் தயிர் தோயாமல் தண்ணியாகக் கிடக்கும். காய்ச்சியும் அழியாத மருந்து, உறைமோரில் இருந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருக்கும். தயிர் தோயாததற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் பால்காரரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் மருந்து மிச்சம் வரம்புக்கு மேல் இருந்தது. 1.2 சதவீதம், பீதி கொள்ளும் அளவில்லை.

மிச்சத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் 2012-லேயே வழி சொல்லிவிட்டது. கடைசி மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், எத்தனை நாள் கழித்துப் பால் கறந்து விற்கலாம் என்று மருந்துப் புட்டியில் அச்சிட வேண்டும். அப்படிக் குறிப்பிட்ட காலம் எதுவும் இல்லாத மருந்து என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். இந்த 28-ஐக் கொட்டகையின் நாற்பதோடு ஒட்டிப் பாருங்கள். பன்னிரண்டாம் நாளுக்கு மேல் அந்த மாதிரி மருந்து எதையும் தொடக்கூடாது. கோழிக்குச் சளி பிடிப்பதோ பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில். ஏற்றுகிற லாரிக்காரர் மருந்துப் புட்டியைப் பார்க்கக் கேட்பதில்லை. இறைச்சி, பால், முட்டை, மீன் எதன் உற்பத்தியிலும் குறிப்பிட்ட சில மருந்துகள் எந்தக் கட்டத்திலும் கூடாது என்று 2025 ஏப்ரல் 1 முதல் விதி இன்னும் இறுகியிருக்கிறது. மருந்து மிச்சத்தைக் கண்டுபிடிக்கக் கறியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாகமலை புதுக்கோட்டைக் கடையில் எட்டு மணிக்கு அறுத்த கோழி, முடிவு வருவதற்குள் செரித்தே போயிருக்கும்.

அதனால் பரிசோதனையை நம்புவதைவிட மருந்தின் தேவையைக் குறைப்பது நடக்கிற காரியம். மாட்டில் அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபுவழி வைத்தியத்தை அளவு குறித்து, மாடுகளில் பார்த்து முறைப்படுத்தினார். மடிநோய்க்கு அவருடைய கலவை: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுதாகும். மடியைச் சுத்தமாகக் கறந்து கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை, ஐந்து நாள். தேசிய பால்வள வாரியம் இதை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களில் பரப்பிவருகிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை மடி கழுவுகிற மாடு எப்படியும் தேறும் என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அதுவும் உண்மையாகவே இருக்கட்டும். காம்பில் ஏற்றும் மருந்து டியூப்பைவிடச் செலவு குறைவு, பாலை ஏழு நாள் கீழே கொட்டவும் வேண்டாம்.

கறிக்கோழிக்கு அப்படி ஒரு கைவைத்தியம் இல்லை. அங்கே வேலை செய்வது சலிப்பூட்டும் சங்கதிகள்தான். ஒரு பேட்ச் போனதும் எருவை முழுக்க அள்ளி, தரையைக் கழுவி, சுண்ணாம்படித்து, நெருப்புக் குழாயால் சுட்டு, இரண்டு வாரமாவது கொட்டகையைக் காலியாகப் போடுவது. ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பது, தண்ணீர்க் குழாய்க்குள் படிந்த வழுக்கலைத் தேய்த்து எடுப்பது. நார்த்தூள் நனைந்தால் அன்றன்றைக்கே கிளறிவிடுவது. ஈரத் தரையிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கியபின்தான் அந்தச் சளியும் ஈ. கோலையும் உள்ளே போகின்றன. டென்மார்க் தன் கறிக்கோழிப் பண்ணைகளில் வளர்ச்சிக்கான மருந்தை நிறுத்தியபின் எடையிலும் சாவிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. தீவனம் ஒரு பிடி கூடுதலாகச் செலவானது. ஆனால் டென்மார்க்கில் நாற்பது டிகிரி மே மாதம் கிடையாது. செக்கானூரணிக் கொட்டகையில் அந்த மாதம் மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறி நின்றால் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், எழுந்து தீவனத்துக்குப் போகாது. ஒரு வாரத்தில் சீக்கு தொடங்கும். கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பித் தண்ணீர் தெளிப்பான் போட்டவருக்கு மருந்துச் செலவு குறைகிறது. கீற்றுக்கும் தெளிப்பானுக்கும் மோட்டார் ஓடும் கரண்டுக்கும் காசு பண்ணைக்காரர் கையிலிருந்து. மருந்து கம்பெனி கணக்கில்.